எச்சரிக்கும் கம்பியை வெட்டலாமா?

இன்று நாம் பேசப்போகும் பொருள், காதில் விழுந்தவுடன் நமக்குச் சம்பந்தமில்லாததுபோல் தோன்றும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில், பிரேக் பேட் தேய்ந்துவிட்டதை அறிவிக்கும் சென்சரை வைத்திருக்க வேண்டுமா, எடுத்துவிடலாமா என்பதே அந்தப் பொருள். "நம் வீட்டு வாசலில் நிற்பது கப்சாய் மோட்டார் சைக்கிள். நமக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார் பேச்சு?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு காரணங்களுக்காக இதைப் பேசவேண்டியிருக்கிறது.

முதலாவது காரணம், நம் பிள்ளைகளின் தொழில். செபராங் பிறையில் நிபோங் திபால், பத்து காவான், தாசேக் குளுகோர் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகள் பலர், பால்வெட்டுக் கத்தியையும் செம்பனை அரிவாளையும் விட்டுவிட்டு, ஸ்பேனரைக் கையில் எடுத்தவர்கள். பாலத்தைக் கடந்து பினாங்குத் தீவுக்குப் போய், ஜார்ஜ்டவுன் பட்டறைகளில் வேலை பழகுகிறவர்கள் அவர்களில் உண்டு. பிறர் காரின் உயிர்நாடியான பிரேக்கில் கைவைப்பது இந்தப் பிள்ளைகள்தாம். இரண்டாவது காரணம், அந்தப் பெரிய காரில் கற்றுக்கொள்கிற பாடம், நம் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கும், குழந்தைகளை ஏற்றிச்செல்லும் பள்ளி வேனுக்கும் அப்படியே பொருந்தும். பிரேக் என்பது விலை உயர்ந்த வண்டிக்கு ஒன்று, ஏழையின் வண்டிக்கு ஒன்று என்று வேறுபடுவதில்லை.

பட்டறையில் இந்தக் கேள்வி எப்படி எழுகிறது என்பதை முதலில் பார்ப்போம். இருபது ஆண்டுகளுக்கு மேலான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பட்டறைக்கு வருகிறது. 1995 முதல் 2002 வரை தயாரிக்கப்பட்ட பி.எம்.டபிள்யூ. இசட் 3 போன்ற ஒரு கார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டே இருக்கை; பார்வைக்கு அழகு; முதலாளிக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. ஆனால் ஓட்டுநர் எதிரே இருக்கும் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு ஓயாமல் எரிந்துகொண்டிருக்கிறது.

"தம்பி, பேட் மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை. இந்த விளக்கு என் பொறுமையைச் சோதிக்கிறது. அந்தச் சென்சர் வயரை வெட்டி, இரண்டு முனையையும் முறுக்கி, டேப் ஒட்டிவிடு. விளக்கு அணைந்துவிடும்" என்கிறார் காரின் சொந்தக்காரர்.

"சரி அண்ணே" என்று சொல்லி வெட்டிவிடலாம். ஐந்து நிமிட வேலை. அண்ணனுக்கும் மகிழ்ச்சி. ஆனால் தம்பி அப்படிச் செய்யலாமா? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், அந்தக் கம்பி அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டிஸ்க் பிரேக்கின் அமைப்பு மிக எளிமையானது. சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுழல்கிறது. அதுதான் டிஸ்க். அந்தத் தட்டின் இருபுறமும் இரண்டு பேட்கள் இருக்கின்றன. நாம் பிரேக்கை மிதித்தால், குழாயிலிருக்கும் பிரேக் எண்ணெயின் அழுத்தம், கேலிப்பர் என்ற இடுக்கி போன்ற பாகத்தை இயக்குகிறது. இடுக்கி இரண்டு பேட்களையும் தட்டின்மேல் அழுத்திப் பிடிக்கிறது. உராய்வினால் சக்கரம் நிற்கிறது.

ஓடுகிற வண்டியின் வேகம் எங்கே போகிறது? அது மாயமாக மறைவதில்லை, வெப்பமாக மாறுகிறது. ஒரு கணக்கைச் சொல்கிறோம். 1,300 கிலோ எடையுள்ள கார் ஒன்று, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரே ஒரு முறை நிற்பதால் பிறக்கும் வெப்பம், ஏறத்தாழ ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. வேகம் இரண்டு மடங்கானால், வெப்பம் நான்கு மடங்காகும். அதே கார், 200 மீட்டர் உயரமுள்ள மேட்டிலிருந்து பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், அப்படி எட்டு முறை நின்றதற்குச் சமமான வெப்பம் பிரேக்கில் சேர்கிறது. பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவுக்குப் போகும் துன் சார்டோன் மலைச்சாலையை அறிந்தவர்களுக்கும், பத்து பிரிங்கியைத் தாண்டித் தெலுக் பஹாங் வரை வளைந்து வளைந்து செல்லும் கடலோரச் சாலையை அறிந்தவர்களுக்கும், இந்தக் கணக்கின் பொருள் உடனே விளங்கும். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வரவேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதும் இதற்காகத்தான்.

இந்த வெப்பத்தை விரைவாகக் காற்றில் விட்டுவிடுவது டிஸ்க் பிரேக்கின் பெருமை. 1953-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் லே மான் நகரில் நடந்த 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வெற்றி பெற்றது. நாள் முழுதும் ஓடி, சராசரியாக மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தை அது எட்டியது. டிரம் பிரேக் வைத்திருந்த கார்கள், வளைவுக்கு முன்னால் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தபோது, ஜாகுவார் சற்றுத் தாமதித்துப் பிரேக் போட்டது. அதன் பிறகு பந்தயக் கார்களிலும், பின்னர் சாதாரணக் கார்களிலும் டிஸ்க் பிரேக் பரவியது.

ஆனால் இந்த வேலையைச் செய்கிற பேட், தன்னையே தேய்த்துக்கொண்டுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. புதிய பேடில் உராயும் பொருள் ஏறக்குறைய 10 முதல் 12 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அது 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. அதையும் கடந்து தேய்ந்தால், பின்னால் இருக்கும் இரும்புத் தகடு நேராக டிஸ்க்கில் உரசும். இரும்போடு இரும்பு உரசினால் பிடிப்புக் குறையும். டிஸ்க் கீறிப் பாழாகும். பேடோடு முடியவேண்டிய செலவு டிஸ்க்கையும் சேர்த்து விழுங்கும். அது நேர்வது மலை இறக்கத்திலா, பள்ளிக்கூடத்து வாசலிலா என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இந்த நிலை வருமுன் நம்மை எச்சரிக்கத்தான் சென்சர் இருக்கிறது. இது மூன்று வகைப்படும்.

முதல் வகையில் மின்சாரமே இல்லை. பேடின் ஓரத்தில் ஒரு சிறிய எஃகுத் தகடு வளைத்து வைக்கப்பட்டிருக்கும். பேட் போதிய அளவு தேய்ந்ததும், அந்தத் தகடு டிஸ்க்கைத் தொட்டு, 'கீச்' என்று காதைக் குடையும் ஒலி எழுப்பும். ஜப்பானியக் கார்களில் இது பரவலாக உண்டு. இந்தக் கீச்சொலி கேட்டால், "தூசி பட்டிருக்கும், தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்" என்று வானொலியை உரக்க வைத்துக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது வகை, ஒற்றைக் கம்பி. அந்தக் காலத்து மெர்சிடிஸ் பென்ஸ் கார்கள் பலவற்றில் இதைக் காணலாம். பேடுக்குள் ஒரு கம்பி புதைந்திருக்கும். பேட் தேய்ந்ததும் கம்பியின் முனை டிஸ்க்கைத் தொடும். அப்போது மின்சுற்று நிறைவு பெற்று விளக்கு எரியும்.

மூன்றாவது வகை, சுற்றுக் கம்பி. பி.எம்.டபிள்யூ., போர்ஷே போன்ற கார்களில் இருப்பது இதுதான். கம்பி பேடுக்குள் போய் வளைந்து திரும்பி வருகிறது. அதில் எப்போதும் சிறு மின்னோட்டம் இருக்கும். பேட் தேயும்போது கம்பியும் தேய்ந்து அறுந்துபோகும். மின்னோட்டம் நின்றவுடன் விளக்கு எரியும்.

நேயர்களே, இந்த இரண்டாவது வகைக்கும் மூன்றாவது வகைக்கும் உள்ள வேறுபாட்டைப் பட்டறைப் பிள்ளைகள் நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒற்றைக் கம்பி வகையில், இடையில் கம்பி அறுந்துவிட்டால் விளக்கு ஒருபோதும் எரியாது. பேட் காகிதமாகத் தேய்ந்தாலும் அது ஊமையாகவே இருக்கும். சுற்றுக் கம்பி வகையிலோ, கம்பி எங்கே அறுந்தாலும் விளக்கு எரிந்துவிடும். தன்னிடம் குறை இருந்தாலும் அதுவே வாய்விட்டுச் சொல்லிவிடும். "விளக்கு எரியவில்லை, ஆகவே எல்லாம் நலம்" என்று முதல்வகைக் காரைப் பற்றிச் சொல்ல முடியாது. "விளக்கு எரிகிறது, ஆகவே பேட் தீர்ந்துவிட்டது" என்று மற்றதைப் பற்றியும் சொல்ல முடியாது. இரண்டிலும் சக்கரத்தைக் கழற்றிக் கண்ணால் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இனி, சென்சரை எடுத்துவிடலாம் என்று சொல்பவர்களின் பக்கத்தையும் கேட்போம். அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை.

பழைய காரில் இந்தக் கம்பிகள் வெப்பத்தில் வெந்து வெந்து முறுக்காகிவிடுகின்றன. பேட் மாற்றக் கையை வைத்தாலே உறை உடைந்து கொட்டுகிறது. நம் ஊரின் ஈரப்பதமும் பினாங்கின் கடற்காற்றும் சேர்ந்து, இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பை உண்டாக்குகின்றன. அதனால் நல்ல பேட் இருக்கும்போதே விளக்கு எரிகிறது. மேலும், பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர்கள் வாங்கும் சிறப்புப் பேட்கள் சிலவற்றில் சென்சரைச் செருகும் துளையே இருப்பதில்லை. அப்படி ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் சக்கரத்தைக் கழற்றிப் பேடைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு விளக்கு தேவைப்படுவதில்லை.

இன்னொரு வாதம், சென்சர் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை என்பது. இதுவும் மெய்தான். முன்னே சொன்ன இசட் 3 காரை எடுத்துக்கொண்டால், முன்பக்கம் இடது சக்கரத்தில் ஒன்றும் பின்பக்கம் வலது சக்கரத்தில் ஒன்றுமாக இரண்டே சென்சர்கள்தாம் இருக்கின்றன. மற்ற இரண்டு சக்கரங்களுக்கும் காவல் இல்லை. முன்பக்க வலது கேலிப்பர் துருப்பிடித்து இறுகிக்கொண்டு, அந்தச் சக்கரத்துப் பேட் மட்டும் விரைவாகத் தேய்ந்தால், விளக்குக்கு அது தெரியவே தெரியாது. 1996 முதல் 2004 வரை வந்த முதல் தலைமுறைப் போர்ஷே பாக்ஸ்டர் காரில் நான்கு சக்கரங்களிலும் சென்சர் உண்டு. அதனாலும் டிஸ்க்கின் கனம் குறைந்ததையோ, பிரேக் எண்ணெய் பழுதானதையோ சொல்ல முடியாது.

பிரேக் எண்ணெயைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. டாட் 4 என்ற தரத்து எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும். ஈரம் ஏறிய பிறகு தாங்கவேண்டிய அளவு 155 டிகிரிதான். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது எண்ணெய் கொதித்து ஆவியானால், மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. புதிய பேடும் நல்ல சென்சரும் இருந்தும் பயனில்லாமல் போகும் வேளை அது. ஆகவேதான், பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றச் சொல்கிறார்கள்.

இத்தனை குறைகள் இருந்தால், சென்சரை வெட்டி எறிவதுதானே முறை என்று தோன்றலாம். நாம் அப்படிக் கருதவில்லை. காவல்காரர் தோட்டம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. அதற்காக அவரை வேலையை விட்டு நிறுத்திவிடுகிறோமா? அவர் பார்க்காத இடத்தை நாம் போய்ப் பார்க்கிறோம். சென்சர் என்பது இரண்டாவது காவல். முதல் காவல் நம் கண். கண் தவறும் நாளில் அந்த விளக்கு உதவும்.

சாதாரணச் சாலையில் ஓடுகிற பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குச் சென்சர் இன்னும் அதிகமாகவே தேவை. காரணம், அத்தகைய கார் நாள்தோறும் ஓடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வெளியே வரும். பிறகு வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்கும். நிற்கும் காலத்தில் ஊசிகளும் கேலிப்பரும் துருப்பிடிக்கும். ஓடும் தூரம் குறைவாக இருப்பதால், "இப்போதுதானே மாற்றினோம்" என்ற நினைப்பு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். உரிய காலத்தில் சோதிக்க வேண்டும் என்பதை மறக்கச் செய்வது இந்த நினைப்புத்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பழைய கார் ஒரே கையில் நிற்பதில்லை. இன்று ஒருவரிடம் இருக்கும். அடுத்த ஆண்டு வேறொருவர் வாங்குவார். சுற்றுக் கம்பி வகையில் இரண்டு முனைகளையும் முறுக்கிவிட்டால், விளக்கு நிரந்தரமாக அணைந்துவிடுகிறது. கம்பியை முறுக்கச் சொன்னவருக்கு அது தெரியும். அடுத்து வாங்குகிறவருக்குத் தெரியாது. சாவியைத் திருப்பினால் விளக்கு எரிந்து அணைவதைப் பார்த்து, "சென்சர் நன்றாக வேலை செய்கிறது" என்றே அவர் நம்புவார். பெயர் மாற்றும்போது நடக்கும் வாகனச் சோதனையில், சக்கரங்களை உருளையில் ஏற்றிப் பிரேக்கின் பிடிப்பை அளக்கிறார்கள். ஆனால் 2 மில்லிமீட்டரே மிச்சமுள்ள பேடும் அன்றைக்கு நன்றாகத்தான் பிடிக்கும். ஆக, முறுக்கப்பட்ட அந்தக் கம்பி, முகம் தெரியாத ஒருவரிடம், அவர் மனைவி மக்களோடு காரில் போகும்போது, "பயப்படாதே, எல்லாம் சரியாக இருக்கிறது" என்று பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பொய்யை முறுக்கிவைத்த கை யாருடையது? சொன்னவர் காரின் சொந்தக்காரராக இருக்கலாம். செய்தது நம் பிள்ளை.

இப்போது பட்டறைத் தம்பியிடம் திரும்புவோம். "முடியாது" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லவேண்டியதில்லை. "அண்ணே, வெட்டிவிட்டால் விளக்கு அணையும், ஆனால் கோளாறு அணையாது. சக்கரத்தைக் கழற்றி, ஏன் எரிகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லலாம். பிறகு முறைப்படி பார்க்கவேண்டும்.

காரைத் தூக்கும்போது ஜேக் மட்டும் போதாது; கீழே உறுதியான தாங்கியும் வைக்கவேண்டும். சக்கரத்தைக் கழற்றியபின், இருபுறத்துப் பேடையும் பார்க்கவேண்டும். வெளிப்புறத்துப் பேட் கண்ணுக்குத் தெரியும், உட்புறத்தது மறைந்திருக்கும். பெரும்பாலும் மோசமாகத் தேய்ந்திருப்பது அந்த மறைந்த பேடாகவே இருக்கும். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். ஒருபக்கம் அதிகமாகத் தேய்ந்திருந்தால், கேலிப்பரோ அதன் ஊசிகளோ இறுகியிருக்கின்றன என்று பொருள். டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், அளந்து பார்க்கவேண்டும்.

அதன்பின் சென்சருக்கு வருவோம். அதன் பிளாஸ்டிக் தலை மட்டும் சற்றுத் தேய்ந்து, உள்ளே இருக்கும் கம்பி வெளியே தெரியாவிட்டால், அதை மீண்டும் பயன்படுத்தலாம். கம்பி வெளியே தெரிந்தாலோ, உறை வெடித்திருந்தாலோ புதிதாக மாற்றவேண்டும். இணைப்பு முனைகளைச் சுத்தம் செய்யவேண்டும். கம்பியை அதற்குரிய கொக்கிகளில் மாட்டவேண்டும்; தொங்கவிட்டால் சக்கரம் உரசி அறுத்துவிடும். பேட் மாற்றி மூன்று மாதத்தில் விளக்கு எரிவதற்குக் காரணம், பல வேளைகளில், அறுந்த பழைய சென்சரையே புதிய பேடில் செருகியதுதான். டிஸ்க்கின் விலையோடு ஒப்பிட்டால் புதிய சென்சரின் விலை சிறிது. ஒற்றைக் கம்பி வகையாக இருந்தால், சாவியைத் திருப்பிவைத்துக்கொண்டு, காரின் பக்கம் போகும் இணைப்பு முனையை வண்டியின் இரும்பில் தொட்டுப் பார்க்கலாம். விளக்கு எரிந்தால் காவல் உயிரோடு இருக்கிறது என்று அறியலாம்.

இங்கே பிள்ளைகளின் உடல்நலத்துக்காக ஓர் எச்சரிக்கை. பேடில் படிந்திருக்கும் கறுப்புத் தூளைக் காற்றுக் குழாயால் ஊதக்கூடாது. பழைய காலத்துப் பேட்கள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்தத் தூள் நுரையீரலில் புகுந்தால், பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. பிரேக் பாகங்களுக்கென்று உள்ள திரவத்தால் நனைத்துத் துடைக்கவேண்டும். முகக் கவசம் அணிந்துகொள்ள வேண்டும்.

சரி, எவ்வளவு சொல்லியும் சொந்தக்காரர் கேட்கவில்லை, அல்லது அவர் வாங்கியிருக்கும் பேடில் துளையே இல்லை என்றால் என்ன செய்வது? அப்போதும் ஒரு நேர்மையான வழி இருக்கிறது. சென்சர் இல்லை என்பதைப் பட்டறைச் சீட்டிலும், காரின் பராமரிப்புப் புத்தகத்திலும் தேதியோடு எழுதவேண்டும். "இந்தக் காரில் பேட் தேய்மான விளக்கு வேலை செய்யாது" என்று ஒரு சிறு தாளை ஓட்டுநர் பார்க்கும் இடத்தில் ஒட்டவேண்டும். விளக்கு செய்துவந்த வேலையை இனி யார் செய்வது என்பதையும் முடிவு செய்யவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வரவேண்டும் என்று நாள் குறித்துக் கொடுக்கவேண்டும். ஒரு காவலை எடுத்தால், அந்த இடத்தில் வேறொரு காவலை நிறுத்தவேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாத சொந்தக்காரரிடம், "இந்த வேலை வேண்டாம் அண்ணே" என்று சொல்லிவிடுவதே மேல். ஒரு வாடிக்கையாளர் போனால் இன்னொருவர் வருவார்.

இதுவரை பேசியது பெரிய காரைப் பற்றி. இனி நம் வாசலுக்கு வருவோம்.

நம் மோட்டார் சைக்கிளிலும் இத்தகைய எச்சரிக்கை இருக்கிறது. அதற்கு மின்சாரமும் வேண்டாம், பணமும் வேண்டாம். டிரம் பிரேக் உள்ள மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில், பிரேக் கம்பி வந்து சேரும் சிறிய கையின் அடியில் ஓர் அம்புக்குறி இருக்கும். அதன் அருகே டிரம் மூடியில் ஒரு குறி இருக்கும். பிரேக்கை முழுவதும் அழுத்தும்போது அந்த அம்பு குறியைத் தொட்டுவிட்டால், உள்ளே பிரேக் ஷூ தீர்ந்துவிட்டது என்று பொருள். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியாக இருந்தால், பேடின் மேல் வெட்டப்பட்டிருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். பள்ளம் மறைந்துவிட்டால் பேடை மாற்றவேண்டும்.

பிரேக் தளர்ந்தால் நாம் என்ன செய்கிறோம்? கம்பியின் முனையிலிருக்கும் நட்டை இரண்டு சுற்று இறுக்குகிறோம். பிரேக் பிடிக்கிறது, நிம்மதியாகப் போகிறோம். அடுத்த மாதம் இன்னும் இரண்டு சுற்று. நட்டை இறுக்குவது தவறல்ல. அது செய்யவேண்டிய வேலைதான். ஆனால் அம்புக்குறியைப் பார்க்காமல் இறுக்கிக்கொண்டே போவது, கம்பியை வெட்டி விளக்கை அணைப்பதற்கு ஒப்பானது. அடையாளத்தை மறைக்கிறோம், தேய்மானம் தொடர்கிறது.

டிஸ்க் பிரேக் வண்டிகளில் பிரேக் எண்ணெய்ச் சிமிழையும் கவனிக்கவேண்டும். பேட் தேயத் தேயச் சிமிழில் எண்ணெயின் மட்டம் தாழும். அதுவும் ஓர் எச்சரிக்கையே. மட்டம் குறைந்தவுடன் எண்ணெயை ஊற்றி நிரப்பிவிட்டால், அந்த எச்சரிக்கையும் போய்விடும். முதலில் பேடைப் பாருங்கள். எங்காவது கசிகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு ஊற்றுங்கள்.

அதிகாலையில் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வேலைக்காட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. மழை பெய்த செம்மண் பாதையில், பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று என்று இரண்டு பிள்ளைகளை ஏற்றிப் பள்ளிக்குப் போகிறவர்களும் உண்டு. அந்த வண்டிக்கு விளக்கோ மணியோ இல்லை. அங்கே இருக்கிற சென்சர் ஒன்றே ஒன்றுதான். அது ஓட்டுகிறவரின் கண். பட்டறையில் வேலை பழகும் பிள்ளை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால், அப்பாவின் வண்டியைக் கேட்டு வாங்கி, அந்த அம்புக்குறியை அவருக்குக் காட்டட்டும். அம்மாவும் தங்கையும் அதைத் தெரிந்துகொள்ளட்டும். பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

ஆகவே, நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு விடையைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம். சாலையில் ஓடும் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பேட் சென்சர் இருக்குமானால் அதை வைத்திருங்கள், கெட்டுப்போனால் மாற்றுங்கள். அது இருக்கிறது என்பதற்காகக் கண்ணால் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றால், எடுத்ததை எழுதி வையுங்கள். பார்க்கும் நாளைக் குறித்து வையுங்கள். விளக்கை மட்டும் அணைத்துவிட்டுக் காரை ஒப்படைக்கும் வேலையை, எவ்வளவு கூலி கொடுத்தாலும், நம் பிள்ளைகள் செய்யவேண்டாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள மோட்டார் சைக்கிளின் பிரேக்கை அழுத்திப் பிடித்து, அம்புக்குறி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். குறியை நெருங்கியிருந்தால் திங்கட்கிழமை வரை தள்ளிப்போடாதீர்கள்.